குழந்தை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு கேட்டைச் சாத்துகிறார்கள்

அகல்விளக்கு · சனி இரவு 10:42

ஆறு வாரமாகச் சென்னையில் ஆதம்பாக்கம், நங்கநல்லூர் பக்கம் வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். இரண்டு படுக்கையறை, இருபதாயிரத்துக்குள். நான், கணவர், மூன்றரை வயது மகன். இப்போது இருக்கும் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள், பிப்ரவரிக்குள் காலி செய்தாக வேண்டும்.

இன்று காலை பார்த்தது பதினோராவது வீடு. முதல் மாடி, கிழக்குப் பார்த்த வாசல், சமையலறையில் நல்ல வெளிச்சம். ஓனர் அம்மா கீழே இருக்கிறார். சொந்த ஊர், வேலை, சைவமா அசைவமா, ஊரிலிருந்து ஆள் வந்து தங்குவார்களா, எல்லாம் கேட்டார். எல்லாவற்றிலும் பாஸ். பத்து மாத அட்வான்ஸ் என்றார், அதற்கும் தலையாட்டினோம். அந்த நேரம் பார்த்து என் மகன் கையை உதறிக்கொண்டு மாடிப்படியில் நாலு படி ஏறி, அங்கிருந்து தொப்பென்று குதித்தான். அந்த அம்மா அவனையே பார்த்தார். அப்புறம் என்னிடம் கேட்டார்: "ஓடுவானா?"

மூன்றரை வயதுப் பையனைப் பார்த்து ஓடுவானா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? "ஓடுவான்மா" என்றேன்.

சாயங்காலம் தரகர் போன் செய்தார். "அவங்க தம்பி பையன் அமெரிக்காவுல இருந்து வர்றானாம் மேடம், வீடு குடுக்குறதா இல்லையாம்." ராத்திரி ஒன்பது மணிக்குச் செயலியைத் திறந்தால் அதே வீடு, அதே படங்கள், "இன்று புதுப்பிக்கப்பட்டது" என்று நிற்கிறது. வாடகையை மட்டும் ஐந்நூறு குறைத்திருக்கிறார்கள்.

பதினொன்றில் ஆறு வீட்டில் குழந்தைதான் காரணம். இரண்டு பேர் நேராகவே சொன்னார்கள். ஒருவர் "வால் பெயிண்ட் இப்பதான் அடிச்சோம்" என்றார். நான் கேட்பது இதுதான்: குழந்தை இருக்கிறது என்று வீடு மறுப்பது சட்டப்படி சரியா? யாராவது எதிர்த்துக் கேட்டிருக்கிறீர்களா?

மொட்டைமாடி · சனி இரவு 11:05

கல்யாணம் ஆகாதவனுக்கு வீடு இல்லை. சரி என்று கல்யாணம் செய்தால் "விசேஷம் உண்டா" என்று ஊரே கேட்கிறது. விசேஷம் ஆனதும் மறுபடி வீடு இல்லை. இவர்கள் யாருக்காகத்தான் மாடி கட்டுகிறார்கள்? ஐம்பது வயதில், சத்தமே போடாத, தண்ணீரே குடிக்காத தம்பதிக்காகவா?

டூலெட்_துரை · ஞாயிறு காலை 6:50

அகல் மேடம், நான் மடிப்பாக்கம், வேளச்சேரி பக்கம் பதினாலு வருஷமாக வீட்டுத் தரகுத் தொழிலில் இருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன், என் மேல் கோபப்படாதீர்கள்.

"அமெரிக்காவிலிருந்து தம்பி பையன்" என்பது நிலையான வசனம். சில பேர் "பொண்ணுக்குக் கல்யாணம் கூடிடுச்சு" என்பார்கள். அவர்களுக்குப் பொண்ணே இருக்காது. முகத்துக்கு நேரே மறுக்க ஓனருக்குக் கூச்சம், அதனால் பொய் எங்கள் வாயால் போகிறது. ஒரு மாத வாடகை கமிஷனில் இந்தப் பொய்க்கும் சேர்த்துத்தான் கூலி.

குழந்தை என்று பொதுவாகச் சொன்னாலும் ஓனர்கள் வயது பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். கைக்குழந்தையை ஓரளவு ஒத்துக்கொள்வார்கள், வீட்டில் பாட்டி இருந்தால் ஆசையாகவே வாங்கிக்கொள்வார்கள். இரண்டிலிருந்து ஆறு வயது வரைக்கும்தான் கஷ்டம். அதற்கு மேல் ஸ்கூல் போகிற பிள்ளை என்றால் பாதி நாள் வீட்டில் இருக்காது, சரி என்பார்கள். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பசங்க என்றால் கிரிக்கெட் பந்து, ஜன்னல் கண்ணாடி என்று மறுபடி யோசிப்பார்கள். மிகவும் விரும்புவது பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பெண் குழந்தை உள்ள வீடு. பப்ளிக் எக்ஸாம் வருஷம், டிவி ஓடாது. "பிளஸ் டூ படிக்குது சார்" என்று சொன்னாலே எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

அப்புறம் தண்ணீர். 2019 ஜூனில் ஏரி நாலும் வற்றி லாரிக்கு டோக்கன் போட்டு நின்றோமே, அதற்குப் பிறகு தலை எண்ணுவது அதிகம். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கும் குழந்தைத் துணி துவைக்கிற வீட்டுக்கும் எத்தனை தடவை மோட்டார் போட வேண்டும் என்று ஓனர்கள் கணக்கே வைத்திருக்கிறார்கள்.

கீழ்வீட்டுக்காரி · ஞாயிறு காலை 9:15

இந்த இழையில் எல்லோரும் திட்டுகிற ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 66. கீழே நாங்கள், மேலே வாடகை. அந்த வாடகையில்தான் மருந்து வாங்குகிறோம். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து நான்கு வருடம் ஆகிறது. மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினால்தான் ராத்திரி அவரைச் சமாளிக்க முடியும்.

போன தடவை மேலே குடி வந்தவர்களுக்கு இரட்டைக் குழந்தைகள். நல்ல குடும்பம், வாடகை ஐந்தாம் தேதி தவறியதில்லை. ஆனால் எங்கள் தளம் 1991ல் போட்டது, மேலே மொசைக். அதன் மேல் ஒரு கோலிக்குண்டு உருண்டால் கீழே எப்படிக் கேட்கும் தெரியுமா? முதலில் டக், அப்புறம் டக் டக், அப்புறம் நீளமாக ஒரு உருளல், கடைசியில் சுவரில் முட்டி நிற்கும். நின்றதும் அடுத்தது எப்போது என்று காத்துக்கொண்டிருப்பேன். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு ரயில் விளையாடுவார்கள். ராத்திரி பதினொன்றரைக்கு எவர்சில்வர் தட்டு விழும். மூன்று தடவை போய்ச் சொன்னேன். நாலாவது தடவை அந்தப் பெண் அழுதுவிட்டாள். "நான் இதுங்களை எங்கேம்மா கட்டிப் போடுறது" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவளே ஆறு மாதத்தில் காலி செய்துகொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு குழந்தை உள்ளவர்களுக்கு நான் வீடு கொடுக்கவில்லை. நானும் பொய்தான் சொன்னேன். என் பொய் "மாமியார் வரப்போகிறார்". மாமியார் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது.

அகல்விளக்கு · ஞாயிறு காலை 10:30

அம்மா, உங்கள் மேல் கோபம் வரவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நேற்று அந்த அம்மா "என் வீட்டுக்காரர் மதியம் தூங்கணும், உங்க பையன் அந்த நேரம் என்ன செய்வான்" என்று கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவன் பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை அவனே தூங்குவான். ஹாலில் கனமான பாய் விரித்திருக்கிறேன், நாற்காலிக் கால்களுக்கெல்லாம் ரப்பர் புஷ் மாட்டியிருக்கிறேன். இதைச் சொல்லவே வாய்ப்பு வரவில்லை.

சொந்தவீடு · ஞாயிறு மதியம் 1:12

முப்பது வருடம் லோன் கட்டிக் கட்டிய வீடு. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லையா? பிடித்தவர்களுக்குக் கொடுப்பேன், பிடிக்காதவர்களுக்கு மாட்டேன். இதில் பாகுபாடு எங்கிருந்து வந்தது?

கருப்புக்கோட்டு · ஞாயிறு மாலை 4:40

அகல் கேட்ட கேள்விக்கு முதலில் வருகிறேன். சட்டப்படி சரியா என்றால், அதைத் தடுக்கிற சட்டம் நம்மிடம் இல்லை.

தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், 2019 பிப்ரவரி 22 முதல் இது அமலில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும், முன்பணம் மூன்று மாத வாடகை என்பதுதான் இதன் கணக்கு. (பத்து மாதம் கேட்கிறவர்களும் கொடுக்கிறவர்களும் இதைப் படித்ததே இல்லை.) தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி மிரட்டக் கூடாது, வீட்டுக்குள் வர 24 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. தகராறு என்றால் வாடகை ஆணையம், வாடகை நீதிமன்றம், தீர்ப்பாயம் என மூன்று படிகள். ஆனால் இவ்வளவும் நீங்கள் வாடகைதாரர் ஆன பிறகு. கேட்டுக்கு வெளியே குழந்தையோடு நிற்கிறவரைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது.

அரசியலமைப்பின் 15ஆவது பிரிவைச் சிலர் சொல்வார்கள். அது முதலில் அரசைக் கட்டுப்படுத்துவது. தனியாரைத் தொடும் இரண்டாம் உட்பிரிவு கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம் என்று போகிறது. அதிலும் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்றுதான் இருக்கிறது. குழந்தை உண்டா இல்லையா என்பது அதில் வராது.

இப்போது சொந்தவீடு நண்பருக்கு. "என் வீடு, என் விருப்பம்" என்பது நம் நாட்டிலேயே முழு உண்மை இல்லை. தீண்டாமையின் பேரில் ஒருவரை ஒரு பகுதியில் குடியேற விடாமல் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எச்ஐவி உள்ளவர் என்பதற்காக வாடகைக்கு விட மறுக்கக் கூடாது என்று 2017ல் ஒரு சட்டம் வந்தது. திருநர் என்பதற்காக மறுக்கக் கூடாது என்று 2019 சட்டம் சொல்கிறது. ஆக, வீட்டு உரிமையாளரின் விருப்பத்துக்கு வேலி போட முடியும், போட்டும் இருக்கிறார்கள். குழந்தைக்குப் போட யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான். அந்தச் சட்டங்களின்படியும் எத்தனை பேர் வழக்குப் போட்டு வீடு வாங்கினார்கள் என்று கேட்காதீர்கள். "தம்பி பையன் அமெரிக்காவிலிருந்து வருகிறான்" என்பதை எந்தக் குறுக்கு விசாரணையில் உடைப்பது?

பிறைநிலா · ஞாயிறு மாலை 5:25

எங்களுக்கும் இரண்டு குழந்தைகள். ஆனால் பேச்சு குழந்தை வரைக்கும் போனதே இல்லை. போனில் கணவர் பெயரைச் சொன்னதும் "ஓ... சரிங்க, கேட்டுச் சொல்றேன்" என்பார்கள். அந்த "ஓ"வுக்கும் "சரிங்க"வுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும் பாருங்கள், அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் நேரில் வரச் சொன்னார்கள். போனோம். "குழந்தைங்க இருக்கிற வீட்டுக்குக் குடுக்கறதில்லைங்க" என்றார் அந்தப் பெரியவர். கேட்டுக்குள்ளே பார்த்தேன், பக்கத்து போர்ஷன் வாசலில் மூன்று சக்கர சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. குழந்தை என்பது சொல்லக்கூடிய காரணம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொல்ல முடியாத காரணத்தை அதற்குப் பின்னால் வைத்துவிடலாம். குழந்தைகள் பேரில் மறுத்தால் தவறு என்று ஆகிவிட்டால், இந்தத் திரையும் போய்விடும்.

டூலெட்_துரை · ஞாயிறு மாலை 6:10

பிறைநிலா அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. இதற்கு மேல் நான் எழுதினால் நாளைக்குத் தொழில் செய்ய முடியாது.

மட்டுறுத்துநர் · ஞாயிறு மாலை 7:02

மேலே உள்ள பதிவுக்கு வந்த இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். எந்தச் சாதிக்காரர் வீட்டில் சத்தம் அதிகம் என்ற ஆராய்ச்சி இந்தத் தளத்தில் வேண்டாம்.

பாஸ்டன்வாசி · திங்கள் காலை 7:30

இங்கே அமெரிக்காவில் இது சட்ட விரோதம். ஆனால் நினைப்பது போல எளிதாக வந்துவிடவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நியாயமான வீட்டு வசதிச் சட்டம் 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட ஒரே வாரத்தில் கையெழுத்தானது. அதில் இனம், நிறம், மதம், பிறந்த நாடு மட்டும்தான் இருந்தன. பால் 1974ல் சேர்ந்தது. குழந்தை உள்ள குடும்பம் என்பது 1988 திருத்தத்தில்தான் உள்ளே வந்தது. அதாவது அதுவரை "பெரியவர்களுக்கு மட்டும்" என்று போர்டு வைத்த அடுக்ககங்கள் நாடு முழுக்க இருந்தன, மத்தியச் சட்டப்படி யாரும் கேட்க முடியாது. சில மாநிலங்கள் மட்டும் முன்பே தடுத்தன, கலிஃபோர்னியாவில் 1982லேயே அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் மரினா பாயிண்ட் என்ற பெரிய குடியிருப்பு. அங்கே குடியிருந்த தம்பதிக்குக் குழந்தை பிறந்தது, உரிமையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தார். குழந்தைகள் பொதுவாகச் சத்தம் போடுவார்கள், முரட்டுத்தனம் செய்வார்கள் என்று அவர் தரப்பு வாதாடியது. ஒரு குறிப்பிட்ட ஆள் தொல்லை கொடுத்தால் நடவடிக்கை எடுங்கள், ஒரு கூட்டத்தையே முன்கூட்டி வெளியே தள்ளாதீர்கள் என்பது நீதிமன்றத்தின் நிலை.

இப்போது 18 வயதுக்குக் கீழ் குழந்தை உள்ள யாரையும் அந்தக் காரணத்துக்காக மறுக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் தத்தெடுக்கும் நடைமுறையில் இருப்பவர்களும் அதற்குள் வருவார்கள். "குழந்தை இருக்கிறதா, அப்படியானால் தரைத்தளம்தான் தருவேன்" என்று ஒதுக்குவதும் தப்பு. விளம்பரத்தில் "இளம் தம்பதிக்கு ஏற்றது" போன்ற சொற்களை எழுதும்போதே ஏஜென்டுகள் பயப்படுவார்கள். புகார் கொடுக்க ஒரு வருடம் அவகாசம், நீதிமன்றம் போக இரண்டு வருடம்.

ஆனால் இரண்டு ஓட்டைகள். ஒன்று, மூத்தோர் குடியிருப்பு. 80 விழுக்காடு வீடுகளில் ஒருவராவது 55 வயதோ அதற்கு மேலோ ஆனவராக இருந்தால் குழந்தை வேண்டாம் எனலாம். இரண்டாவதுதான் இந்த இழைக்குத் தேவையானது. நாலு வீட்டுக்கு மேற்படாத கட்டடம், அதில் ஒன்றில் உரிமையாளரே வசிக்கிறார் என்றால் மத்தியச் சட்டம் பெரும்பாலும் அவரைத் தொடாது. இதற்கு "மர்ஃபி அம்மா விலக்கு" என்று பட்டப்பெயர். தன் வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் கற்பனையான ஒரு விதவை அம்மாதான் மர்ஃபி. கீழ்வீட்டுக்காரி அம்மா, நீங்கள் அமெரிக்காவில் இருந்தால் நீங்கள்தான் மர்ஃபி அம்மா! விளம்பரத்தில் மட்டும் "குழந்தை கூடாது" என்று போட முடியாது, மனதுக்குள் வைத்துக்கொள்ளலாம். மாநிலச் சட்டம் சில இடங்களில் இதைவிடக் கடுமையாக இருக்கும், அது வேறு.

இன்னொன்று, எங்கள் மாசசூசெட்ஸ் கதை. நல்லெண்ணத்தோடு போட்ட சட்டம் எப்படித் திரும்பும் என்பதற்கு. 1978க்கு முன் கட்டிய வீடுகளில் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அது உதிர்ந்து குழந்தை வாயில் போனால் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். அதனால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை குடியிருந்தால் உரிமையாளர் ஈய ஆபத்தை நீக்கித்தான் ஆக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். ஆயிரக்கணக்கில் டாலர் செலவு. இங்கே நிறைய வீடு நூறு வருடப் பழசு. அதனால் என்ன நடக்கிறது? பெயிண்டைச் சுரண்டுவதற்குப் பதில் குழந்தையைத் தவிர்க்கிறார்கள். அப்படித் தவிர்ப்பதும் சட்ட விரோதம்தான், தெரிந்தேதான் செய்கிறார்கள். என் மகளுக்கு இரண்டு வயதில் ஒரு மூன்றடுக்கு வீடு பார்க்கப் போனேன். உரிமையாளர் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு இதைவிடப் புதுக் கட்டடம் வசதியாக இருக்கும்" என்றார். எவ்வளவு கரிசனம் பாருங்கள்.

அகல்விளக்கு · திங்கள் காலை 8:05

கர்ப்பிணி என்றால் எப்போதிலிருந்து? வயிறு தெரிந்த பிறகா, தொடக்கத்திலிருந்தேவா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

பாஸ்டன்வாசி · திங்கள் காலை 8:20

தொடக்கத்திலிருந்தே. மாதக் கணக்கெல்லாம் இல்லை.

ஈஸ்ட்ஹாம் · திங்கள் மதியம் 2:48

லண்டனிலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. இங்கே வாடகை விளம்பரங்களில் "அரசு உதவித்தொகை வாங்குபவர் வேண்டாம், குழந்தைகள் வேண்டாம்" என்று வெளிப்படையாகவே போட்டுக்கொண்டிருந்தார்கள். 2025ல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டத்தில்தான் இங்கிலாந்துக்கு இதைத் தடை செய்திருக்கிறார்கள். எங்கள் தமிழ் ஆட்களே அறையை வாடகைக்கு விடும்போது "கப்பிள் ஓகே, பிள்ளை இல்லாமல்" என்று கடை நோட்டீஸ் பலகையில் ஒட்டுவார்கள். பிள்ளையோடு வந்து இறங்கியவர்கள்தான் அதை ஒட்டுகிறவர்களும்.

தனிப்பறவை · திங்கள் இரவு 9:33

நான் மகளை மறைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால். விவாகரத்து ஆகி, ஐந்து வயது மகளோடு குரோம்பேட்டையில் தேடினேன். "வீட்டுக்காரர் எங்கே இருக்கார்" என்ற கேள்வியிலேயே பாதி வீடு போய்விடும். மீதி, குழந்தையைக் கேட்டதும் போகும். "வேலைக்குப் போயிட்டா புள்ளைய யாரு பாத்துக்குவா, ஏதாவது ஆச்சுன்னா எங்க தலைல விழும்" என்பார்கள். கடைசியில் ஒரு வீட்டில் தனியாகப் போய்ப் பேசினேன், அக்கா வீட்டில் மகள் இருக்கிறாள் என்றேன். ஒப்பந்தத்தில் ஒருவர் என்று எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாள் கழித்து அவளைக் கூட்டிவந்தேன். விருந்தாளி என்று சொன்னேன். மாடிப்படியில் கால் சத்தம் வராமல் ஏற வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நுனிக்காலில் நடப்பாள். ஸ்கூலில் இருந்து வந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏறுவாள். ஒரு நாள் அக்கா வீட்டுக்குப் போனபோது அங்கேயும் செருப்பைக் கையில் எடுத்தாள்.

அதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று. ஒப்பந்தத்தில் அவள் இல்லை, நானும் அந்த வீட்டைப் பற்றி எங்கேயும் காட்டப் பயந்தேன். அவளுடைய ஆதாரில் முகவரி மாற்ற முடியவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இடம் இருக்கிறதே, அதற்கு வீடு பள்ளிக்குப் பக்கத்தில் இருப்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். பள்ளி தெருமுனையில் இருந்தது. என்னிடம் காகிதம் இல்லை. அந்த வருடம் விட்டுப்போயிற்று.

அகல், மறைக்காதீர்கள். வீடு கிடைக்கும், ஆனால் வீட்டில் இருப்பது போல இருக்காது.

சொந்தவீடு · செவ்வாய் காலை 6:15

தனிப்பறவை அவர்கள் எழுதியதை ராத்திரி மனைவிக்குப் படித்துக் காட்டினேன். என் கருத்தை மாற்றிக்கொண்டேன் என்று சொல்லவில்லை. யாருக்குக் கொடுப்பது என்பதில் எனக்கு ஒரு வார்த்தை இருக்க வேண்டும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் எங்கள் மாடி வீட்டு விளம்பரத்தில் "குழந்தை இல்லாத தம்பதி" என்று ஒரு வரி இருந்தது, அதை மனைவி எடுத்துவிட்டார். எங்கள் வீடு பெரம்பூரில், அகலுக்குத் தூரம்.

கீழ்வீட்டுக்காரி · செவ்வாய் காலை 10:50

அகல், உனக்கு ஒரு யோசனை. நீ என் மகள் வயது இருப்பாய், அதனால் நீ என்கிறேன். மாடியையே ஏன் தேடுகிறாய்? ஓனர் மேலே இருந்து, கீழ்த்தளம் வாடகைக்கு இருக்கிற வீடாகப் பார். உன் பையன் என்ன குதித்தாலும் கீழே மண்தான். பாஸ்டன் தம்பி ஊரில் ஓனர் அப்படி ஒதுக்கினால் தப்பாம், நீயாகத் தேடினால் தப்பில்லையே. மழைக்காலத்தில் தண்ணீர் புகுமா என்று மட்டும் அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள். 2015லும் 2023 டிசம்பரிலும் அந்தத் தெருவில் எதுவரைக்கும் நின்றது என்று பால்காரரைக் கேள். ஓனரைக் கேட்காதே, சொல்ல மாட்டார். நானே சொல்ல மாட்டேன்.

டூலெட்_துரை · செவ்வாய் மதியம் 12:20

அம்மா சொன்னதில் தொழில் ரகசியமே இருக்கிறது. கீழ்த்தளம் என்றால் குழந்தைக்கு "நோ" சொல்கிற ஓனர் ரொம்பக் குறைவு. மேடம், தனிச்செய்தியில் நம்பர் அனுப்பியிருக்கிறேன். கமிஷன் பாதி போதும்.

மொட்டைமாடி · செவ்வாய் மதியம் 12:31

துரை அண்ணன் கமிஷனைக் குறைத்த இழை என்று இதை மேலே பின் செய்து வையுங்கள்.

அகல்விளக்கு · அடுத்த ஞாயிறு இரவு 8:15

வீடு கிடைத்துவிட்டது. துரை அண்ணன் காட்டிய மூன்றாவது வீடு. மடிப்பாக்கத்தில் உள்ளே தள்ளி, கீழ்த்தளம், பின்னால் சின்னதாக ஒரு முருங்கை மரம். பால்காரரிடம் கேட்டேன். 2015ல் படி வரைக்கும், 2023ல் தெருவோடு சரி என்றார். ஓனர் சார் மேலே இருக்கிறார், ஓய்வு பெற்ற ஆசிரியர். மகன் அவர் கண் முன்னாலேயே கேட் தாழ்ப்பாளை நூறு தடவை திறந்து மூடினான். "எண்ணெய் போடணும்னு நெனச்சிட்டே இருந்தேன்" என்றார். அட்வான்ஸ் ஐந்து மாதம். 2017 சட்டத்தைச் சொல்லிப் பார்த்தேன். "அஞ்சுக்கே சொந்தக்காரங்க திட்டுறாங்க" என்றார். சரி என்றுவிட்டோம்.

சுவரில் கிறுக்கினால் காலி செய்யும்போது நாங்களே வெள்ளையடித்துத் தருகிறோம் என்று நானாகவே எழுதச் சொன்னேன். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை மோட்டார் போட வேண்டாம் என்று அவர் எழுதச் சொன்னார். அந்த நேரத்தில் அவரும் தூங்குவாராம். அப்படியானால் என் மகனுக்கும் அவருக்கும் ஒரே அட்டவணை.

கருப்புக்கோட்டு சார், ஒரு சந்தேகம். வரைவு ஒப்பந்தத்தில் ஆறாவது பத்தி இப்படி இருக்கிறது: "மேற்படி வீட்டில் வாடகைதாரர், அவர் மனைவி, மகன் ஆகிய மூவருக்கு மேல் குடியிருக்கக் கூடாது." இது எல்லா ஒப்பந்தத்திலும் வருகிற வரிதானா? மூன்று நான்கானால் என்ன ஆகும்?

கருப்புக்கோட்டு · ஞாயிறு இரவு 9:02

டைப் அடிக்கிற கடைகளில் பழைய மாதிரியையே பிரதி எடுப்பார்கள், அதில் இருக்கும் வரிதான். உள்வாடகைக்கு விடக் கூடாது என்பதற்காக எழுதியது. குழந்தை பிறந்தது என்பது 2017 சட்டத்தில் சொல்லியிருக்கும் வெளியேற்றக் காரணங்களில் இல்லை. ஆனால் பதினொரு மாதம் முடிந்து புதுப்பிக்கும்போது இந்த வரியைக் காட்டிப் பேச இடம் இருக்கிறது. எப்போது நான்காகும் என்று கேட்கலாமா?

அகல்விளக்கு · ஞாயிறு இரவு 9:06

ஜூலையில்.

கீழ்வீட்டுக்காரி · ஞாயிறு இரவு 9:08

அடி என் கண்ணே! இதை மனதில் வைத்துக்கொண்டா பதினோரு வீடு ஏறி இறங்கினாய்?

டூலெட்_துரை · ஞாயிறு இரவு 9:15

மேடம், நாளைக்கு ஸ்டாம்ப் பேப்பர் வாங்குவதற்கு முன்னால் நான் சாரிடம் பேசுகிறேன். "மூவருக்கு மேல்" என்பதை "குடும்பத்தினர் தவிர மற்றவர்" என்று மாற்றச் சொல்கிறேன். காரணம் கேட்டால் உண்மையைச் சொல்லட்டுமா, வேண்டாமா?

அகல்விளக்கு · ஞாயிறு இரவு 9:40

கணவரிடம் கேட்டேன். சொல்லிவிடுங்கள் அண்ணா.